கொல்லிமலையில் ஒரு மனு தார்ச்சாலை ஆவது எப்படி

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். சேந்தமங்கலம் அந்தப் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் கொல்லிமலை. ஆனால் தொகுதியின் ஓட்டில் பெரும்பகுதி மலையில் இல்லை. அது அடிவாரத்தில், சேந்தமங்கலம், எருமப்பட்டி பக்கம் கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மலையின் மொத்த மக்கள்தொகையே 40,000 சொச்சம். தொகுதியின் வாக்காளர்களோ இரண்டு லட்சத்துக்கு மேல். இடஒதுக்கீட்டை மலை தருகிறது, வெற்றியைச் சமவெளி தருகிறது. எம்.எல்.ஏ. எந்தக் கட்சியாக இருந்தாலும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் மலையேறும் நாட்களை இந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது. அதனால் அவர் வருகிற ஒரு நாளைச் சால்வை மரியாதையில் கரைத்துவிடக் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2006இல் இங்கே தி.மு.க.வின் கே. பொன்னுசாமி வென்றார். 2011இல் தே.மு.தி.க.வின் ஆர். சாந்தி. 2016இல் அ.தி.மு.க.வின் சி. சந்திரசேகரன். 2021இல் மறுபடி பொன்னுசாமி. நான்கு தேர்தல்களில் ஒருமுறைகூட இருந்தவர் தொடரவில்லை. பொன்னுசாமி தமது இரண்டாவது முறையை முடிக்காமலேயே 2025 அக்டோபர் 23 அன்று மாரடைப்பால் காலமானார். பேரவையின் காலம் முடிய ஓராண்டுகூட மீதி இல்லாததால் இடைத்தேர்தல் நடத்தும் கட்டாயம் எழவில்லை. அதற்கு முன்பே, 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு, 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்திருந்தார்கள். ஆக, மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு ஒரே ஆண்டில் தலைவரும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை.

அந்த மாதங்களிலும் சில மனுக்கள் உயிரோடு இருந்திருக்கும். எம்.எல்.ஏ.வின் கையில் மட்டும் போய்ச் சேர்ந்தவை அவரோடு நின்றிருக்கும். ஓர் அலுவலகத்தில் எண் வாங்கி, கோப்பாகிவிட்டவை நின்றிருக்காது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். ஒரு குக்கிராமத்துச் சாலைக் கோரிக்கையை எடுத்துக்கொண்டு, அது 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போய்த் தாரும் ஜல்லியுமாகத் திரும்பி ஏறும் வழியை வரிசையாகப் பார்க்கலாம்.

எதை, யாரிடம்

முதல் வேலை கோரிக்கையைப் பிரிப்பது. எம்.எல்.ஏ. வந்தால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது: சாலை வேண்டும், முதியோர் உதவித்தொகை வரவில்லை, மாரியம்மன் கோயிலுக்கு மண்டபம் வேண்டும், மகனுக்குச் சாதிச் சான்று கிடைக்கவில்லை. இப்படிக் கொடுத்த தாள் எந்த அலுவலகத்துக்கும் சொந்தமில்லாமல் போய்விடும்.

சாதிச் சான்றைப் பாருங்கள். பழங்குடியினருக்கான சான்றைத் தாசில்தார் தர முடியாது. வருவாய் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிச் சமூகத்துப் பிள்ளைக்குச் சான்று தாமதமாகிறது என்றால் மனு போக வேண்டியது நாமக்கல் கோட்டாட்சியருக்கு. எம்.எல்.ஏ. போன் செய்து கேட்கலாம். கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரமில்லை. வன உரிமைப் பட்டாவும் அப்படித்தான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் கிராமசபை, கோட்ட அளவிலான குழு, மாவட்ட அளவிலான குழு என்று மூன்று படிகள். மூன்றிலும் எம்.எல்.ஏ.வுக்கு இருக்கை கிடையாது. இந்தச் சட்டப்படி தமிழ்நாட்டில் பட்டா வழங்குவதே நீதிமன்ற உத்தரவால் 2016 வரை முடங்கிக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் எந்த எம்.எல்.ஏ.வின் காலில் விழுந்திருந்தாலும் பட்டா வந்திருக்காது.

சாலை வேறு. அதற்கு அவரிடம் பணம் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது அவர் பையில் இருக்கும் பணமில்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட ஆட்சியர் அனுமதி தருவார், பணம் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாகப் போகும். நிலம் வாங்க, வழிபாட்டு இடங்களுக்கு, தனி ஆளின் நன்மைக்கு, மாதாமாதம் சம்பளம் தர இதைத் தொட முடியாது. ஆகவே மண்டபத்தை மனுவிலிருந்து எடுத்துவிடலாம். சாலை, சிறுபாலம், குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கு வகுப்பறை, நாடகமேடை இவை வரும்.

3 கோடி என்றதும் கண் விரிகிறது. மலையில் மட்டும் 14 நாடுகள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று ஊராட்சிக்கு ஊராட்சி ‘நாடு’. ஒவ்வொரு நாட்டிலும் மேட்டுக்கொன்றும் பள்ளத்துக்கொன்றுமாகச் சிதறிய ஊர்கள். அதற்குக் கீழே சமவெளியில் இரண்டு ஒன்றியங்கள் வாய் திறந்து காத்திருக்கின்றன. எனவே பெரிய சாலையை இந்த நிதியில் கேட்பது வீண். வேறு திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அவருடைய பரிந்துரையைக் கேட்பதே சரி. பழங்குடி ஊர்களுக்கென்றே ‘தொல்குடி’ திட்டம் இருக்கிறது, நெடுஞ்சாலைத் துறை இருக்கிறது, ஊரக வளர்ச்சித் துறையின் சாலைத் திட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கதவு என்று செம்மேட்டில் இருக்கும் ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளரிடம் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எம்.எல்.ஏ. வருவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

கிராமசபை

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிக் குதிக்கிறார்கள். ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்திலும் தனி அலுவலர் கூட்டியாக வேண்டும். அதில் இந்தச் சாலைக்கென்று தனித் தீர்மானம் போட்டு, தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். “சாலை வசதி செய்து தரக் கேட்டுக்கொள்ளப்பட்டது” என்று பொத்தாம்பொதுவாக எழுதிய தீர்மானம் பயன்படாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர், எந்தெந்தப் புல எண் வழியாகப் போகிறது என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் வழியில் வரும் பட்டா நிலத்துக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிச் சம்மதம் வாங்கிவிட்டால் பின்னால் வம்பில்லை. மிளகுக் கொடி ஏறிய நாலு சில்வர் ஓக் மரம் வழியில் நிற்கிறது என்பதற்காக வருடக்கணக்கில் நின்ற சாலைகள் மலைநாடுகள் எங்கும் உண்டு.

தீர்மானத்தின் முக்கியக் காரணம் வேறு. கொல்லிமலையில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே கிடப்பது பெரும்பாலும் காப்புக்காடு. மண்பாதை பாட்டன் காலத்திலிருந்து இருக்கலாம், கழுதையும் ஜீப்பும் போகலாம், ஆனால் தார் ஊற்றப் போனால் வனத்துறை நிறுத்தும். “ஃபாரஸ்ட்டுக்காரன் விடமாட்டேங்கறான்” என்ற பேச்சு இங்கே ஒவ்வொரு ஊரிலும் கேட்கும். எம்.எல்.ஏ.வும் மேடையில் அதையே சொல்லிவிட்டுக் கீழே இறங்குவார். இரண்டு பேருமே வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பிரிவு சொல்வது இது. பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்குக் காட்டு நிலத்தை விட்டுக்கொடுக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75க்கு மேல் போகக் கூடாது. கிராமசபை பரிந்துரைத்திருக்க வேண்டும். இவை இருந்தால் அனுமதி தருபவர் மாவட்ட வன அலுவலர். கோப்பு டெல்லி வரை போக வேண்டியதில்லை. அவர் ஒப்பவில்லை என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும்.

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். தார் விழும் அகலம் 3.75 மீட்டர், இரண்டு பக்கமும் ஓரமும் வடிகாலும் சேர்த்து ஆறு மீட்டர் என்று வைத்தால் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் இந்தப் பிரிவுக்குள் அடங்கும். குக்கிராமத்துச் சாலையில் காட்டுக்குள் போகும் பகுதி பல நேரம் அவ்வளவுதான், மீதி பட்டா நிலமும் புறம்போக்கும். அதற்கு மேல் போனால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுகள் ஓடும். எனவே சாலையைத் திட்டமிடும்போதே காட்டுக்குள் போகும் நீளத்தை நாடா பிடித்து அளந்து பார்ப்பது நல்லது.

இன்னொன்று: விண்ணப்பிக்க வேண்டியவர் ஊர்க்காரர் இல்லை. சாலை போடப்போகும் துறை, அதாவது ஊரகச் சாலையானால் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.), உரிய படிவத்தில் வனத்துறைக்குக் கொடுக்க வேண்டும். வனத்துறை மறுத்தது என்று சொல்லப்படும் சாலைகளில் எத்தனைக்கு இந்தப் படிவம் உண்மையிலேயே போனது என்று கேட்டுப் பார்த்தால் சங்கடமான மௌனம்தான் கிடைக்கும். எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டிய உதவிகளில் முதன்மையானது இதுவே என்பேன். பணத்தைவிட இது பெரிது. பி.டி.ஓ.வையும் வனச்சரகரையும் ஒரே இடத்தில், ஒரே நாளில், அந்தப் பாதையின் மேல் நிறுத்தி வைக்க அவரால் முடியும், ஊர்க்காரரால் முடியாது.

வருகை நாள்

எம்.எல்.ஏ.வின் சுற்றுப்பயணம் எப்படி முடிவாகிறது? அவருடைய உதவியாளர், கட்சியின் ஒன்றியச் செயலாளர், பி.டி.ஓ. அலுவலகம் மூன்றும் சேர்ந்து பட்டியல் போடும். ரேஷன் கடைத் திறப்பு ஓர் ஊரில், பூமி பூஜை இன்னோர் ஊரில், துக்க வீடு ஒன்று, கல்யாண வீடு இரண்டு. நடுவில் மூன்று இடத்தில் வண்டி நிற்கும். அந்த மூன்றில் நம் ஊர் வர வேண்டும் என்றால் இரண்டு நாள் முன்னதாகவே உதவியாளரிடம் சொல்லியாக வேண்டும். கட்சிக்காரர் ஒருவர் ஊரில் இருந்தால் அவர் மூலம் சொல்வது வேகம். இல்லாத ஊர்க்காரர்கள் நேரே சொல்லலாம், தயங்க வேண்டியதில்லை. ஓட்டு யாருக்குப் போட்டாலும் எம்.எல்.ஏ. எல்லோருக்கும்தான்.

எந்த நாள் நல்லது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆடி 17, 18 வல்வில் ஓரி விழா. செம்மேட்டில் ஓரி சிலைக்கு மாலை, அமைச்சர்கள், ஆட்சியர், மலர்க் கண்காட்சி, அரங்கம் நிறையத் துறை ஸ்டால்கள். கொல்லிமலைக்கு இத்தனை அதிகாரிகள் சேர்ந்து வருவது அந்த இரண்டு நாள்தான், அதனால் ஊர் ஊராக மனுவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மனு கொடுக்க இதைவிட மோசமான நாள் கிடையாது. கூட்டத்தில் வாங்கிய தாள் பின்னால் நிற்பவர் கைக்குப் போய், அவரிடமிருந்து காரின் பின்சீட்டுக்குப் போகும். சாலையைக் காட்ட ஏற்றது ஐப்பசி மழை. தார் முடிகிற இடத்தில் சேறு தொடங்கும் அந்த மாதத்தில் அவரை அழைத்து வந்து காட்டினால், எழுதிய பத்து மனுவுக்குச் சமம். ஆனால் மழையில் மலையேற யாருக்குத்தான் ஆசை! அழைக்கத் தெரிய வேண்டும்.

வண்டி நின்றதும் நடப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பட்டாசு ஒரு சரம். சால்வை, சால்வை, இன்னொரு சால்வை. பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள். ஒரு பையன் செல்போனில் வீடியோ எடுப்பான். அதற்குள் பத்து நிமிடம் போய்விடும். அடுத்த ஊரிலிருந்து போன் வந்துவிடும். மனுவை நீட்டும்போது அவர் ஒரு காலைக் காரில் வைத்திருப்பார். இதைத் தவிர்க்க ஒரே வழி, சால்வையை நிறுத்திவிட்டு நடக்க வைப்பது. “ஐயா, இதுக்கு மேல வண்டி போகாதுங்க, ஒரு பர்லாங்கு நடந்து பாத்துட்டுப் போங்க” என்று வயதான ஒருவர் கேட்டால் மறுப்பது கடினம். பிரசவத்துக்குத் தூளி கட்டித் தூக்கிப்போன பாதையை அந்தக் குடும்பத்துப் பெண்ணே காட்டட்டும். எல்லோரும் சேர்ந்து பேச வேண்டாம். ஒருவர் பேசினால் போதும்.

நடந்து பார்க்கிற எம்.எல்.ஏ.வுக்கும் காரிலிருந்து பார்ப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. தெலங்கானாவின் முலுகு தொகுதியும் பழங்குடித் தொகுதிதான். அதன் எம்.எல்.ஏ. சீதக்கா 2020 ஊரடங்கில் அரிசியும் காய்கறியும் தோளில் சுமந்து, வண்டி போகாத கோத்திகோயா பழங்குடிக் குடியிருப்புகளுக்குக் காட்டு வழியே நடந்து போனது நாடெங்கும் பேசப்பட்டது. 2023 டிசம்பரில் அவர் அமைச்சரானார். சுமந்தது பெரிதில்லை, அது ஒரு நாள் தேவை. எந்த ஊருக்கு எதுவரை வண்டி போகும் என்பது அவருக்குக் காலால் தெரிந்திருந்தது, அதுதான் பெரிது. நாமக்கல்லில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்கும் பொறியாளரிடம் “அங்கே பாறை இருக்கிறது, மேல்பக்கமாக வளைக்க வேண்டும்” என்று சொல்ல அந்த நடை தேவைப்படுகிறது.

மனு ஒரு பக்கம் போதும். மேலே ஊர், நாடு, ஒன்றியம், வட்டம். பிறகு ஒரே கோரிக்கை. இத்தனை வீடு, இத்தனை பள்ளிப் பிள்ளைகள், இப்போது தார் முடியும் இடம், அங்கிருந்து ஊருக்கு இத்தனை மீட்டர், அதில் காடு இத்தனை, பட்டா இத்தனை, கிராமசபைத் தீர்மானம் எண் இன்ன தேதி. கடைசியில் இரண்டு பேர் பெயரும் செல்போன் எண்ணும். ‘மாண்புமிகு’, ‘பொற்பாதம்’ எல்லாம் சேர்த்தால் கோரிக்கைக்கு இடமில்லாமல் போகும். மூன்று நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று எம்.எல்.ஏ.வுக்கு, ஒன்று அவரோடு வந்திருக்கும் பி.டி.ஓ.வுக்கு, மூன்றாவதில் “பெற்றுக்கொண்டேன்” என்று உதவியாளரின் கையெழுத்தும் தேதியும். மூன்றாவதுதான் ஊருக்குச் சொந்தம். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டாக வேண்டும்.

கோப்பு போகும் வழி

அடுத்த வாரம் உதவியாளருக்கு ஒரு போன். எம்.எல்.ஏ.வின் கடிதத்தாளில் ஆட்சியருக்குப் பரிந்துரைக் கடிதம் போயிற்றா, எந்தத் தேதியில், எந்த எண்ணில்? இந்த எண் கிடைத்த நாளில்தான் மனு கோப்பாகப் பிறக்கிறது. அங்கிருந்து ஊரக வளர்ச்சி முகமை, அங்கிருந்து ஒன்றியப் பொறியாளர். அவர் இடத்தைப் பார்த்து, சாத்தியமா என்று எழுதி, மதிப்பீடு போடுவார். மதிப்பீடு ஆட்சியருக்குத் திரும்பும். நிர்வாக அனுமதி வரும். அந்தக் கையெழுத்து ஆட்சியருடையது, எம்.எல்.ஏ.வுடையது அல்ல என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்கள் மாறினாலும் அந்த உத்தரவு காகிதத்தில் நிற்கும். பிறகு தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி உத்தரவு.

டெண்டரில் மலைக்கென்று ஒரு சிக்கல். ஜல்லியும் எம்-சாண்டும் தாரும் காரவள்ளி அடிவாரத்திலிருந்து வளைவு வளைவாக ஏறி வர வேண்டும். நீள லாரி திரும்பாது, சின்ன வண்டியில் பல நடை. மதிப்பீட்டில் இந்த ஏற்றுக்கூலியைச் சரியாகச் சேர்க்கவில்லை என்றால் ஒப்பந்தக்காரர் யாரும் எடுக்க மாட்டார். மறு டெண்டர், மறுபடி மறு டெண்டர் என்று நிதியாண்டு கழிந்துவிடும். ஊர்க்காரர் இதில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கேள்வி கேட்கலாம்: டெண்டர் எப்போது, எத்தனை பேர் போட்டார்கள்? பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணும் இருக்கிறது. நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளும் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமைக்கு நாமக்கல் போய் வருவது மலைக்காரருக்கு ஒரு முழு நாள் கூலி. மாதம் ஒரு வட்டத்தில் ஆட்சியரே தங்கி ஆய்வு செய்யும் ‘உங்களைத் தேடி, உங்கள் ஊரில்’ திட்டம் 2024 ஜனவரியில் தொடங்கியது. கொல்லிமலை இப்போது தனி வட்டம் என்பதால் இங்கும் முறை வரும். அந்த நாளில் புது மனு கொடுப்பதைவிட, பழைய மனுவின் எண்ணைச் சொல்லி நிலை என்ன என்று கேட்பது பலிக்கும். 2025இல் நடந்த ‘உங்களுடன் ஸ்டாலின்’ போன்ற முகாம்களுக்கும் இதே விதி.

எல்லாமே எம்.எல்.ஏ. நிதிக்குள் அடங்காது. பெரிய சாலை, மருத்துவமனைக்கு டாக்டர், பள்ளிக்கு ஆசிரியர் பணியிடம் இவற்றுக்கு அவர் சென்னையில் பேச வேண்டும். வழி பல உண்டு. பேரவையில் கேள்வி எழுதிக் கொடுக்கலாம், அந்தந்தத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம், கவன ஈர்ப்புக் கொண்டுவரலாம். கேள்விக்கு அமைச்சர் சொல்லும் பதில் அச்சாகிறது. “ஆவன செய்யப்படும்” என்று வந்தால் ஒன்றுமில்லை. “இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்” என்று வந்தால் அது உறுதிமொழி, அதைத் துரத்துவதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்கள் நேரடியாக அனுப்பும் கோரிக்கைகளுக்கு மனுக்கள் குழு இருக்கிறது. அது மாவட்டம் மாவட்டமாக வந்து இடத்தையும் பார்க்கும்.

2022 ஆகஸ்ட் 22 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். தொகுதியில் நெடுநாளாகத் தீராத பத்து முக்கியக் கோரிக்கைகளை 15 நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள் என்பது அதன் சாரம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசமின்றி எல்லாரும் பட்டியல் கொடுத்தார்கள். சேந்தமங்கலம் மாதிரித் தொகுதியில் அந்தப் பத்துக்குள் ஒரு குக்கிராமத்துச் சாலை நுழைவது லேசில்லை. ஆனால் “மலையில் காட்டு வழிச் சாலைகள் அனைத்துக்கும் 3(2) பிரிவில் கூட்டாக அனுமதி கோருதல்” என்று ஒரே வரியாக எழுதினால் இருபது ஊரின் சாலை ஒரு கோரிக்கையில் அடங்கும். தனித்தனியாக அலைவதைவிட நாடுகள் சேர்ந்து கேட்பது நல்லது, அது மலைக்குப் பழக்கமில்லாத வேலையும் அல்ல. திருவிழாவுக்கும் பஞ்சாயத்துக்கும் 14 நாடும் கூடிப் பேசி வந்த மலைதான் இது.

வேலை நடக்கும்போது

பூமி பூஜை அன்று எம்.எல்.ஏ. மீண்டும் வருவார். கடப்பாரையை எடுத்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கூடவே வந்த பொறியாளரிடம் மதிப்பீட்டின் சுருக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்: நீளம், அகலம், எத்தனை அடுக்கு ஜல்லி, எத்தனை சிறுபாலம், வடிகால் உண்டா. மலைச்சாலை சாவது தாரால் இல்லை, தண்ணீரால். மேட்டுப்பக்க வடிகாலும் குறுக்குக் குழாயும் இல்லாமல் போட்ட தார் இரண்டு மழைக்குத் தாங்காது. வேலை நடக்கும் இடத்தில் திட்டப் பெயர், தொகை, ஆண்டு எழுதிய பலகை வைத்தார்களா என்றும் பார்க்கலாம். ஒப்பந்தக்காரர் பில் வாங்குவது பொறியாளர் எழுதும் அளவுப் புத்தகத்தை வைத்து. அளவெடுக்கும் அன்று ஊர்க்காரர் இரண்டு பேர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அளவு சரியாக இருக்கும்.

சாலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மலையில் விளையும் அன்னாசியும் பலாவும் மிளகும் இனித் தலைச்சுமையாகச் சோளக்காட்டுச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. பிக்கப் வண்டி தோட்டத்து முகப்புக்கே வரும். ஆம்புலன்ஸும் வரும். பஸ் மட்டும் வராது. அதற்குத் தனி மனு. அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒன்று. 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பேருந்துத் திட்டத்தில் தடம் கேட்க வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு இன்னொன்று. பஸ் விடும் முன் வளைவின் அகலத்தையும் திரும்பும் இடத்தையும் அதிகாரிகள் வந்து ஆய்வு செய்வார்கள். ஆகவே பஸ் திரும்ப ஓர் இடத்தைச் சாலை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அடுத்த கிராமசபைக்கு அதுவே முதல் தீர்மானம். நகல் ஒன்று எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு, பெற்றுக்கொண்ட கையெழுத்தோடு.